கை வைத்தால் மெஷின் எழும்பாது

எங்கள் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் யாரும் தேட மாட்டோம். மச்சாளைக் கூப்பிடுவோம். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி குசினியிலிருந்து வந்து, "உளுந்துப் பேணிக்குள்ள பாருங்கோ" என்பாள். அலுமாரித் திறப்பு அங்கேதான் இருக்கும். ஒருமுறை கடைத் திறப்பை மிளகாய்த்தூள் போத்தலுக்குள் வைத்துவிட்டாள். அன்றைக்குக் கடையைத் திறந்து முடிக்கும்வரை நான் தும்மிக்கொண்டே நின்றேன். கொழும்புக் காலி வீதியால் போனவர்கள் எல்லாம் எனக்கு ஏதோ காய்ச்சல் வருத்தம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அவள் என் மனைவியின் தங்கை. பிள்ளைகளுக்குச் சின்னம்மா. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்பதையும் எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் யாராலும் கண்டெடுக்க முடியவில்லை. கோட்டையில் ஒரு கம்பனியில் டைப் அடித்தாள். பிறகு அங்கேயே கொம்பியூட்டரும் பழகினாள். வேலைக்குப் போன காலத்திலும் ஓய்வெடுத்த பிறகும் வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவளைப் புரியும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, சைவக்கடையில் கோப்பை கழுவி, புடவைக்கடையில் மூட்டை தூக்கி, அதே வீதியில் சொந்தமாகப் புடவைக்கடை போட்டவன். வெள்ளவத்தைச் சந்தையில் போய் என் கடையைக் கேட்டுப் பாருங்கள். மீன் வெட்டுகிறவன்கூடக் கத்தியை நீட்டி வழி காட்டுவான். படித்த ஆட்கள் எத்தனையோ பேர் என்னிடம் புத்தி கேட்டு வந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: சாமானை உள்ளே வைத்தால் விற்காது. கண்ணாடிக்குள் நிறுத்து, லைட்டைப் போடு, வீதியால் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் கண்ணாடி அலுமாரி. அதற்குள் எனக்குக் கிடைத்த கேடயங்கள், போர்த்திய பொன்னாடைகள், மந்திரி ஒருவரோடு கைகுலுக்கிய படம். ஒருநாள் மச்சாள் அதைத் துடைத்துக்கொண்டு நின்றபோது கேட்டாள்:

"எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டவேணுமே, அத்தான்?"

"காட்டாமல் ஒளிச்சு வைக்க நான் என்ன களவெடுத்தனானோ?"

அவள் அடுத்த கேடயத்தைத் துடைக்கத் தொடங்கினாள். அதே அலுமாரியில் ஒரு கேடயம் எப்போதோ உடைந்து, அதன் இடத்தில் மற்றவற்றை நெருக்கி அடுக்கியிருந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. யார் உடைத்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. துண்டுகளை மட்டும் ஒரு பையில் கட்டித் தன் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அதுதான் அவளுடைய குணம். ஒளிப்பாளே தவிர எறிய மாட்டாள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவியைக் கேட்டேன். கலவரத்தின்போது மச்சாளை ஒரு சிங்கள வீட்டார் தேங்காய் போடும் அறைக்குள் வைத்துப் பூட்டினார்களாம். அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று, தமிழரைத் தேடி வந்த கூட்டத்திடம் "இங்கே ஒருவரும் இல்லை" என்று சொன்னாராம். மச்சாள் அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "அண்டைக்கு அந்த அம்மா உண்மையைச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினாள். பிறகு கறி அடிப்பிடிக்கப் போகுது என்று எழும்பிப் போய்விட்டாள்.

எனக்குப் பிறசர் இருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மூட்டை தூக்கின உடம்புக்கு என்ன பிறசர் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து, "உப்பில கை வைச்சியள் எண்டா சாப்பாட்டுக் கோப்பை பறக்கும்" என்று சொல்லியும் வைத்தேன். அடுத்தடுத்த முறை போனபோது பிறசர் இறங்கியிருந்தது. "பாத்தீங்களே டொக்டர், என்ர உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதோ?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். சலூனில் முகச்சவரம் செய்துகொண்டே நாலு பேருக்கு அதைச் சொன்னேன். பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரை வாயில் வைத்தால் வாய் கரிக்கிறது. சமையற்காரரைக் கூப்பிட்டு, "கடல் தண்ணியிலயோ சாம்பார் வைச்சனீர்?" என்று சத்தம் போட்டேன். அந்த மனிதர் அகப்பையில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ஐயா, உப்புக் காணாது எண்டுதான் மற்ற ஆக்கள் சொல்லுகினம்" என்றார். எதிர்ப் பந்தியைப் பார்த்தேன். மச்சாள் குனிந்து வாழையிலையின் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

சிரிக்கிற கதை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. எனக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்த கிழமை, ஊரில் என் அண்ணன் செத்துப்போனார். எங்கள் ஆட்கள் பேப்பரில் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தானே. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை என் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். "எங்கை உள்பக்கம்?" என்று கேட்டேன். "பேப்பர்காரன் போட மறந்திட்டான், அத்தான்" என்றாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. வெகுநாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒளிச்சு வைக்கிறதும் களவுதான், தெரியுமோ?" என்றேன்.

"ஓம் அத்தான், களவுதான்" என்றாள். "உங்களையும் சேர்த்துப் பறிகுடுக்க எனக்குத் தைரியம் காணேல்லை."

இனிக் கொம்பியூட்டருக்கு வருகிறேன். மகன் ரொறன்ரோவுக்குக் கொம்பியூட்டர் வேலைக்குப் போனதும் நானும் ஒன்று வாங்கினேன். அறைக்குள் வைக்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. வாசலுக்கு நேரே, கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு எழுத வராது. எழுதினால் பிழைகளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கதைக்க விட்டால் மந்திரிமார் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆகவே மேலே வெள்ளைச் சேட்டும் கீழே சாறமுமாகக் கமெராவுக்கு முன்னால் இருப்பேன். மச்சாள் பக்கத்துக் கதிரையிலிருந்து தட்டுவாள். நான் கதைத்து முடித்ததும் மகனுக்கு அனுப்புவாள். நேரே கோல் எடுத்தால் அவன் குறுக்கே கதைப்பான். இதில் அந்தக் கரைச்சல் இல்லை.

மகன் அங்கே ஒரு பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டதாக ஒருநாள் செய்தி வந்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. வேதக்காரர், கிறிஸ்தவர்கள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். நானும் மூட்டை தூக்கினவன்தான். அது வேறு, இது வேறு என்று அன்றைக்கு நினைத்தேன். கமெராவுக்கு முன்னால் போய் இருந்தேன். "நீ எனக்குப் பிள்ளையில்லை. நான் செத்தாலும் கொள்ளி வைக்க வராதை" என்று தொடங்கினேன். பிறகு சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையையும் பெற்றவர்களையும் சேர்த்துச் சொன்னேன்.

"நிப்பாட்டு" என்றேன்.

"நிப்பாட்டிட்டன், அத்தான்."

"ஒரு சொல் விடாமல் அனுப்பு."

"ஓம் அத்தான்."

தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். குடித்துக்கொண்டு அந்தக் கதிரையிலேயே கொஞ்சநேரம் இருந்தேன். என்ன கதைத்தோம் என்று ஞாபகமில்லை.

சில நாளில் மகன் போன் எடுத்தான். அழுகிறான். "அப்பா, வீடியோ பாத்தனான். உங்களுக்குச் சொல்லாமல் செய்தது பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மன்னித்தேன். கோவிலில், சலூனில், கடையில் சேலை எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்: "ஒரு வெருட்டு. ஒரேயொரு வெருட்டு. ரொறன்ரோவில இருந்த பெடியன் வழிக்கு வந்திட்டான்." பிள்ளைகளோடு மனத்தாங்கல் வந்த தகப்பன்மார் என்னிடம் புத்தி கேட்டார்கள். உரத்து ஏசுங்கோ, பிறகு பாருங்கோ என்று அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகும் மகன்மேல் கோபம் வந்தபோதெல்லாம் கமெராவுக்கு முன்னால் இருந்தேன். அவன் என்றால் வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லுவான்: "அப்பா, அந்த முதல் வீடியோவை இன்னும் வைச்சிருக்கிறன். மனம் சரியில்லாட்டி எடுத்துப் பாப்பன்." ஏச்சைக்கூடச் சொத்தாக வைத்திருக்கிறான், எப்படி வளர்த்திருக்கிறேன் பார் என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

அந்தக் காலத்தில்தான் கொம்பியூட்டர்த் திரையில் சின்னதாகச் சில மங்கல் படங்கள் வந்தன. மற்றப் படங்கள் எல்லாம் பளிச்சென்று இருக்க, பல்லுச்சக்கரம் போட்ட இரண்டு மட்டும் சாயம் போன சீத்தைத் துணி மாதிரிக் கிடந்தன. பக்கத்தில் மங்கலாக ஒரு ஃபோல்டரும் இருந்தது. முதலில் ஊத்தை என்று நினைத்துச் சால்வையால் கண்ணாடியைத் தேய்த்தேன். போகவில்லை. கோவில் தலைவர் வீட்டுக்கு வந்தார், பாங்க் ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவர். "என்னண்ணை, வைரஸ் பிடிச்சிருக்கோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். என் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் வைரஸ்! அவர் படியிறங்கியதும் நானே துப்புரவு பண்ண இருந்தேன். பல்லுச்சக்கரங்களை அழித்தேன். அடுத்த நாள் பார்த்தால், வீட்டிலிருந்து எழுப்பி விட்ட குடித்தனக்காரன் திரும்பி வந்து திண்ணமாகக் குந்தியிருப்பதுபோல ஒன்று மறுபடி இருந்தது. சரி, அந்த ஃபோல்டர்தான் இதுகளுக்குத் தாய் என்று மவுஸ் அம்பை அதன்மேல் கொண்டுபோனேன்.

"அத்தான்! அதில கை வைக்காதேங்கோ!"

குசினியிலிருந்து ஓடி வருகிறாள். கையில் தேங்காய்ப்பால் ஒழுகுகிறது. அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"அது சிஸ்டம் பைல். அழிச்சா மெஷின் எழும்பாது."

"அப்ப இந்த அசிங்கத்தை வாற போற சனம் எல்லாம் பாக்கிறதோ?"

ஈரக் கையாலேயே எதையோ தட்டினாள். மங்கலாக இருந்தவை எல்லாம் மறைந்துபோயின.

"எங்கை போச்சு?"

"இருக்கு அத்தான். கண்ணில படாது. எல்லா மெஷினுக்குள்ளயும் இப்பிடி இருக்கு. இல்லாட்டி ஓடாது."

அடுத்த கிழமை கோவில் தலைவருக்கு நான் வகுப்பு எடுத்தேன். வைரஸுக்கும் சிஸ்டம் பைலுக்கும் வித்தியாசம் தெரியாமல் எப்படி ஐயா பாங்க் நடத்தினீர்கள் என்று கேட்டேன். சனம் சிரித்தது. அவர் முகம் கறுத்தது. எனக்கு அது நல்ல நாள்.

மச்சாள் போன வருடம் போய்விட்டாள். சும்மா காய்ச்சல் என்றாள். உள்ளே என்ன இருந்தது என்று டொக்டர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. அவளுடைய பெட்டியைத் திறந்த என் மனைவி ஒரு பழைய பேப்பர்த் தாளைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். என் அண்ணனின் மரண அறிவித்தல். சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாளாம். அண்ணன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

ஆண்டுத் திவசத்துக்கு மகன் மனைவியோடு வருவதாகச் சொன்னான். மாலை போட ஒரு நல்ல படம் வேண்டும். எந்தப் படத்திலும் அவள் இல்லை. யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒரு கொண்டை, முகத்துக்கு முன்னால் தூக்கிய ஒரு கை, அவ்வளவுதான். கொம்பியூட்டருக்குள் எங்காவது கிடக்கும் என்று அதைத் தூக்கிக்கொண்டு மருதானைக்குப் போனேன். திருத்துகிற கடைக்காரர் சிங்கள மனிதர், ஐயா என்பதற்கு மாத்தயா என்பார். கதிரை போட்டு இருத்திவிட்டு வெகுநேரம் தேடினார்.

"படம் இல்ல மாத்தயா. மறைச்சு வச்சதும் தொறந்து பாத்தாச்சு."

"அதில கை வைக்காதேயுங்கோ! அது சிஸ்டம் பைல். மெஷின் எழும்பாது" என்றேன், எல்லாருக்கும் கேட்க.

"சிஸ்டம் இல்ல மாத்தயா, வீடியோ. முழுக்க நீங்கதான்."

திரையைத் திருப்பி ஒன்றைத் தட்டினார். "நீ எனக்குப் பிள்ளையில்லை!" கடை முழுக்க என் குரல். போன் திருத்த வந்து நின்ற ஒரு பெண், தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் குரலை வெளியே நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறைய விபூதி, வாயில் அந்தச் சொற்கள்.

"மாத்தயா நல்லா ஏசுறது" என்று கடைக்காரர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சத்தத்தை நிறுத்தினார்.

ஃபோல்டருக்குள் ஏழெட்டு வீடியோ. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் பெயர் எழுதி வைத்திருந்தாள். தமிழ் எனக்கு வாசிக்க வரும். அனுப்பாதது. அனுப்பாதது. அனுப்பாதது.

"அழிக்கிறதா மாத்தயா?"

அவள் எறியாததை நான் எப்படி எறிவது? வேண்டாம் என்றேன். ஓட்டோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் ஏச்சு ஒன்றுகூட மகனுக்குப் போகவில்லை. அப்படியென்றால் அவன் எதைப் பார்த்து அழுதான்? ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்தது என்ன?

வீட்டில் மனைவி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு இது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் ஏசத் தொடங்கினா நான் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள போயிடுவன். அவள்தானே பக்கத்தில இருந்தவள். எல்லாத்தையும் கேட்டவள் அவள் ஒருத்திதான்."

மகன் வந்தான். முதல் நாளே மெல்லக் கேட்டேன்: "தம்பி, அந்த முதல் வீடியோ... கிடக்குதோ?" அவன் சிரித்துக்கொண்டு போனை எடுத்தான். மருமகளும் பக்கத்தில் வந்து இருந்தாள்.

அதில் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் தேத்தண்ணியோடு, கமெராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். மச்சாளின் குரல் மட்டும் கேட்கிறது. "என்னத்தான் யோசிக்கிறியள்?"

"அங்கை குளிர்தானே. உடுப்பை ஒழுங்காப் போடுறானோ தெரியாது. சின்னனிலயே காதுக்குத் துணி கட்ட விடான்."

"அந்தப் பிள்ளை பாக்கும் அத்தான்."

"அவளுக்குச் சோறு காய்ச்சத் தெரியுமோ? இவன் பேக்கரிப் பாணைத் திண்டுபோட்டு நிப்பான்."

"கேட்டுச் சொல்லுறன், அத்தான்."

அவ்வளவுதான். "எனக்கு அப்ப சோறு வடிக்கவே தெரியாது மாமா" என்றாள் மருமகள். "நீங்க கேட்டீங்கன்னுதான் பழகினேன்." அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. இந்தப் பிள்ளையைப் பற்றித்தான், அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, இதற்குச் சற்று முன்னால்.

"சின்னம்மான்ர குரல் என்னட்டை இது மட்டும்தான் இருக்கு" என்று மகன் எழும்பினான். "இந்த மெஷினுக்குள்ள வேற ஏதும் கிடக்குதோ பாப்பம்."

நான் எழும்புவதற்குள் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டான். மருதானைக்காரர் மறைக்காமல் விட்டிருந்தார். பல்லுச்சக்கரங்களும், பக்கத்தில் அந்த மங்கல் ஃபோல்டரும்.

"இதென்னப்பா?" அம்பு அதன்மேல் நின்றது. அவனுக்குப் பின்னால் மருமகள் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கை வைக்காதை, தம்பி" என்றேன். "அது சிஸ்டம் பைல். அழிச்சா மெஷின் எழும்பாது."

அவன் வருடக்கணக்காகக் கொம்பியூட்டரில் சோறு தின்கிறவன். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன்.

"ஓம் அப்பா" என்றான். எதையோ தட்டினான். மங்கலாக இருந்தவை எல்லாம் மறைந்துபோயின.

"போயிட்டுதோ?" என்று கேட்டேன்.

"இருக்கு அப்பா" என்றான். "கண்ணில படாது."